ஒன்பது நாளும் எஸ்கார்ட் இல்லை என்றார்கள்

என் நைனாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் மூன்று வருஷம் ஆகியும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

உன்னைத் திருடன் என்று எழுதியவர்களுக்கு உன்னைத் தெரியாது. வடபழனி ஸ்டுடியோக்களில் பதினெட்டு வருஷம் லைட் தூக்கியவன் நீ. காதில் குரல் கேட்க ஆரம்பித்த பிறகும், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாய். நடுவில் ஒரு மாதம் நிறுத்தினாய். "நல்லாத்தான கீறேன், இன்னாத்துக்கு மாத்திரை?" என்றாய். அம்மாவும் நானும் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மாதம்தான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடியை உடைத்தாய். உள்ளே நின்ற பொம்மைக்கு மூச்சு முட்டுகிறதென்று வெளியே தூக்கிவந்து, பிளாட்பாரத்தில் படுக்கவைத்துத் துண்டால் விசிறினாய். பொம்மை பட்டுப்புடவை கட்டியிருந்தது. அதனால் திருட்டுக் கேஸ், ரிமாண்ட், ஜெயில். போலீஸ் வரும்வரை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் திருடனை யாராவது பார்த்திருக்கிறார்களா?

மறுநாளே அம்மா மாத்திரையோடு ஜெயில் வாசலுக்குப் போனாள்.

"வெளி மருந்து உள்ள வுடக் கூடாது. ரூல்ஸு," என்றார் வார்டர்.

"மாத்திரை தான சார், வெசமா? இது இல்லாங்காட்டி அவரு தூங்க மாட்டாரு சார்."

"உள்ள டாக்டர் கீறாரு. அவரு பாத்துக்குவாரு. நவுரு."

அந்த டாக்டர் உன்னைப் பார்த்தாரா? பார்த்தார். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, நடிக்கிறான் என்று எழுதினார். நீ கத்தினாய் என்று தனி அறையில் போட்டுப் பூட்டினார்கள். குரல் கேட்கிறவனை, பேச ஆள் இல்லாத அறையில் பூட்டுவதா வைத்தியம்?

மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உன் உதடு வெடித்திருந்தது. "கண்ணு, சோத்துல இன்னாவோ கலக்குறானுங்க. தண்ணிலயும்தான். நான் தொட்றதில்ல," என்றாய். பக்கத்தில் நின்ற வார்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

நேராக மயிலாப்பூர் வந்தேன். நான் டைப்பிஸ்டாக இருக்கும் வக்கீல் ஆபீசில், மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வக்கீல் சார் எழுந்து வந்தார். "அழுதுண்டே ஒக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காதும்மா. நான் சொல்றேன், நீ அடி," என்றார். மனுவை அடித்தேன். உடனே ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். கையெழுத்து காயுமுன் அதை ஜெயிலுக்குக் கொண்டுபோனேன்.

"எஸ்கார்ட் இல்லம்மா," என்றார் அங்கிருந்த அதிகாரி. "கூடப் போக போலீஸ் வந்தாத்தான் அனுப்ப முடியும். எல்லாரும் ஊர்வல பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க."

ஒன்பது நாள் போனேன். ஒன்பது நாளும் அதே பதில். பத்தாம் நாள் ஆள் அனுப்பி, வந்து உடம்பை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். உடலைக் கொண்டுவர அன்றைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் கிடைத்தார்கள், நைனா. காகிதத்தில் 'இயற்கை மரணம்' என்று இருந்தது. பட்டினியும் தாகமுமாய்ப் பூட்டிய அறையில் சாவதில் என்ன இயற்கை?

அதற்குப் பிறகு எத்தனை மனு அடித்தேன் என்று எனக்கே தெரியாது. இப்போது டாக்டர் சீட்டு இருந்தால் வாசலில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை தோறும் மனநல டாக்டர் ஒருவர் வருகிறார். இதற்கே மூன்று வருஷம்.

போன வியாழன் நான் ஜெயிலுக்குப் போனபோது, பெசன்ட் நகரில் மீன் விற்கும் ஒரு அம்மா வாசலில் நின்றாள். மகன் அந்தோணி உள்ளே இருக்கிறான். கையில் சீட்டும் மாத்திரையும். "டாக்டர் லீவு. அடுத்த வாரம் வா," என்றார் வார்டர்.

நான் முன்னால் போய்ப் பேனாவை நீட்டினேன். "வாங்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. நாங்க போயிடறோம்."

என்னையும் கையிலிருந்த பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாத்திரையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கூட்ல யாருனா உள்ள கீறாங்களாம்மா?"

"எங்க நைனா இருந்தாரு," என்றேன்.

தனி அறைப் பூட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எஸ்கார்ட் விதியும் மாறவில்லை. ஆஸ்பத்திரி உத்தரவு வந்தால் அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று புது மனு அடித்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொடுக்கிறேன். தள்ளினால் மறுபடி அடிப்பேன். காத்திருக்கச் சொல்லியே உனக்குச் செய்ததை இன்னொருவருக்கும் செய்ய நான் விடமாட்டேன் நைனா. இது உன்மேல் சத்தியம்.

உன்னை வெளியே கொண்டுவர முடியாமல் போன மகள்,
வசந்தா