சாரலில் சூடாகாத தண்ணீர்

அன்புள்ள வடிவு,

"ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு தூரம் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாயே, அதையே நானும் கேட்டுக்கொள்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்குச் சளிதான்.

குற்றாலத்து விடுதிகளில் விறகடுப்புக்குப் பதிலாகச் சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்க நானும் விடுதிக்காரர்கள் சிலரும் திட்டமிட்டோம். பங்குனியில் சோதித்தபோது தண்ணீர் கொதித்தது. இப்போது சாரல் காலம், வெயிலே இல்லை; அருவியில் நனைந்து வந்தவர்கள் பச்சைத் தண்ணீரில் நின்று திட்டினார்களாம். விடுதிக்காரர் இசக்கிதுரை நேற்றுத் தொட்டியைக் கழற்றிவிட்டார்.

"சார்வாள், கூட்டம் வருததே சாரல்லதான். உங்க சூரியன் சீசனுக்கு லீவுல்லா போட்டுட்டாரு!"

மற்ற விடுதிகளும் விலகிவிட்டன. மறுபடி விறகு லாரி வருகிறது. வெயில் சுடும் என்று அறிவியல் வகுப்பில் சொன்ன எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கம்பளிச் சட்டையை அனுப்பு.

அங்கே நம் வீட்டில் வெயில் அடிக்குமே. மொட்டைமாடியில் கறுப்பு வாளியில் தண்ணீர் வைத்து, மாலையில் கையை விட்டுப் பார்த்து, சுட்டதா என்று எழுது.

உன்,
சண்முகவேல்