ஏழு பேர் கேட்ட மன்னிப்பு

ஜூலை 3, செவ்வாய்

முடிவுகளை ஒட்டிவிட்டார்கள். வரலாற்று ஆய்வு முறைகள் – முப்பத்தொன்று. தேறுவதற்கு நாற்பது வேண்டும்.

பதினொரு வருடம் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். பட்டத்தோடு திரும்பினால் தலைமை ஆசிரியர் நாற்காலி என்று சொல்லித்தான் படிப்பு விடுப்பு கொடுத்தார்கள். பட்டம் இல்லாமல் போனால் பழைய நாற்காலி. அதற்கு ஒரு கால் ஆடும். விடுப்பை இன்னொரு வருடம் நீட்டித் தர மாட்டார்கள். பட்டமளிப்பு விருந்துக்காக நீலமும் வெள்ளையுமாக ஒரே துணி எடுத்து இரண்டு குடும்பத்துக்கும் தைக்கக் கொடுத்தாயிற்று.

மனைவி அக்யியாவிடம் சொன்னேன். கென்கே என்னும் சோள மாவு உருண்டையின் இலையை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"முப்பத்தொண்ணா? அன்னைக்கு ரெண்டாவது விடைத்தாள் வாங்கி எழுதினேன், கை கழண்டு விழுது, எண்ணெய் தேய்ச்சு விடுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"அப்ப தாள் திருத்தின அந்தம்மா கூட்டினதுல ஏதோ தப்பு. போய்க் கேளு."

போய்க் கேளு. பெரியவர் ஒருவரிடம் போய், நீங்கள் தப்பாகக் கூட்டியிருக்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை செய்ததில்லை. பெரியவர்கள் தப்பாகக் கூட்டாமல் இருந்ததும் இல்லை.

ஜூலை 4, புதன்

வராந்தாவில் பேராசிரியர் சர்ப்போமாவைப் பார்த்தேன். இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டும் ஓடிவிட்டன.

"என்ன ஓபிரி?"

"சும்மா வணக்கம் சொல்லிட்டுப் போகலாம்னு, மேடம்."

"சொல்லிட்ட. அப்புறம்?"

"மார்க்... கொஞ்சம்..."

"தாளை எடுத்துப் பாக்கறேன். திங்கக்கிழமை வா."

இவ்வளவுதான். முகத்தில் கோபமில்லை. சிரிப்பும் இல்லை. நல்ல பதில்தானே? அப்படித்தான் தோன்றியது, மாமா வீட்டுக்கு வரும் வரை.

ஜூலை 5, வியாழன்

மாமா அசுபொன்டெங் என் அம்மாவின் தம்பி. ஊரில் கல்யாணம் பேசவும் சண்டை தீர்க்கவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசி முடித்த கல்யாணங்களில் இரண்டு இன்னும் நிற்கின்றன.

"பாக்கறேன்னு சொன்னாளா? அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"பாக்கறேன்னு அர்த்தம், மாமா."

"உன்னைப் படிக்க வெச்சது தப்பு. முறையா நாலு பேர் வரட்டும், அப்பத்தான் பாப்பேன்னு அர்த்தம். தன் வாயால தனக்காகக் கெஞ்சுறவனை எவன் மதிப்பான்? உனக்காக நான் பேசறேன். நீ பின்னாடி உக்காந்து தலையைக் குனிஞ்சா போதும்."

என் பள்ளிக்கு இப்படி வந்த பெற்றோர் தூதுகளை நானே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"அவங்களுக்குப் பேசத் தெரியாது" என்றார் மாமா.

ஜூலை 6, வெள்ளி

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நாளை காலை சொல்லிவிடலாம்.

ஜூலை 7, சனி

சொல்லவில்லை.

பேராசிரியர் வீட்டுக்கு ஏழு பேர் போனோம். மாமா, தேவாலய உபதேசியார், அத்தை, பாடகர் குழுவிலிருந்து மூன்று பேர், நான். சாவுச் சடங்கு நடக்கும் சனிக்கிழமை ஆயிற்றே, அப்படியே ஒரு சாவு வீட்டுக்கும் போய்விடலாம் என்று எல்லாரும் துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்புமாக உடுத்தியிருந்தார்கள். மாமா கையில், முறைக்குக் கொடுக்கும் ஜின் பாட்டில்.

அவர் தெருவில் இறங்கியதும் அவருடைய எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து என் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, யாரு?" என்றாள். "யாரும் இல்லம்மா" என்றாள் அத்தை. அவள் நம்பவில்லை. நாங்கள் உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், துக்கம் விசாரிக்க அக்கம்பக்கத்தார் வாசலில் சேர்ந்துவிட்டார்கள்.

பேராசிரியர் தன் அக்காவைக் கூப்பிட்டார். கீரை நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு அவள் வந்து நடுவில் உட்கார்ந்தாள். முறைப்படி பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் போய் வரவேண்டும்.

"தண்ணி குடிச்சாச்சு. வந்த விஷயம் என்னன்னு கேக்கறாங்க."

மாமா எழுந்து தோளில் இருந்த துணியை இறக்கிவிட்டுக்கொண்டார். "எங்க புள்ள தப்புப் பண்ணிட்டான். சின்னப் புத்தி. காலில் முள் குத்தினா காலை வெட்டி எறியறதில்லை. அம்மா மனசு வைக்கணும்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். "என்ன தப்புப் பண்ணான்னு கேளு, அக்கா."

நாங்கள் எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. ஆனால் தடுமாறுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"தப்பைப் பேர் சொல்லி வளக்கக் கூடாதும்மா. எதுவா இருந்தாலும் அது தப்புதான்."

பிறகு பேராசிரியர் சொன்னார்: "அவன் எனக்கு என்ன பண்ணான்னு எனக்குத் தெரியலை. எதுவா இருந்தாலும் மன்னிச்சாச்சு. பாட்டிலை மட்டும் திரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லு."

எல்லாரும் எழுந்து கை குலுக்கினார்கள். உபதேசியார் ஜெபம் செய்தார். மதிப்பெண்ணைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மன்னிப்பு வாங்கிய கையோடு மதிப்பெண்ணும் கேட்பது அநாகரிகமாம்.

செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். அங்கே அழுதவர்களில் நான்தான் அதிகமாக அழுதேன் என்று அத்தை பெருமையாகச் சொன்னாள்.

ஜூலை 9, திங்கள்

சர்ப்போமாவின் அறை. நிற்கவைத்தே பேசினார்.

"உன் ரெண்டாவது விடைத்தாள் நூல் அவிழ்ந்து இன்னொரு கட்டுல கிடந்துச்சு. வெள்ளிக்கிழமை மதியமே கண்டுபிடிச்சேன். திருத்தினேன். அம்பத்தெட்டு. துறை அலுவலகத்துக்கு எடுத்துட்டுப் போனேன். எழுத்தர் இனூசா தொழுகைக்குப் போயிருந்தார். மேசையில வெச்சுட்டு வந்தேன். இன்னைக்குக் காலையிலதான் முத்திரை போட்டிருக்கார்."

ஐம்பத்தெட்டு! ஒரு நொடி – ஒரே ஒரு நொடி – சந்தோஷப்பட்டேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"என் எதிர்வீட்டுல யார் இருக்கா தெரியுமா? துறைத்தலைவரோட மச்சினி. சனிக்கிழமை ஏழு பேர் பாட்டிலோட என் வீட்டுக்குள்ள வந்தீங்க. திங்கக்கிழமை உன் மார்க் ஏறுது. இப்ப நான் என்ன சொல்லணும், நீயே சொல்லு."

நான் சொன்னது: "மன்னிச்சுக்கோங்க, மேடம்."

"அந்த வார்த்தையை மட்டும் இனிமே சொல்லாதே" என்றார்.

ஜூலை 10, செவ்வாய்

ஐம்பத்தெட்டு. நான் எழுதி வாங்கியது. நாயே, ஒரு திங்கட்கிழமை வரைக்கும் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியலையா? மூடிட்டுத்தான் இருந்தேன். அதுதான் பிரச்சினையே. மாமாகிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லத் திறக்கலையே இந்த வாய்.

ஜூலை 14, சனி

இன்னொரு சாவு வீடு. மாமா நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "இருபத்தேழு மார்க்! ஒரே பேச்சுல! பாட்டில்கூடத் திறக்கலை!" சுற்றிலும் கூட்டம். இறந்தவரைப் பார்க்க அவ்வளவு பேர் இல்லை.

தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். பேராசிரியர் வெள்ளிக்கிழமையே திருத்திவிட்டார், நாம் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். மாமா பரிவோடு என் தோளைத் தட்டினார்.

"அப்படித்தான் சொல்லுவா. மரியாதை தெரிஞ்ச பொம்பளை. நீயும் வெளிய அப்படியே சொல்லு."

ஜூலை 19, வியாழன்

துறைக் குழு கூப்பிட்டது. ஐந்து பேர். சர்ப்போமா அங்கே இல்லை. விசாரணை முடியும் வரை அவர் தேர்வுத்தாள் எதையும் தொடக்கூடாதாம். இருபது வருடமாகத் திருத்துகிறவர்.

"எதுக்காக அவங்க வீட்டுக்குப் போனீங்க?"

"மன்னிப்புக் கேக்க."

"எந்தத் தப்புக்கு?"

"தப்பு எதுவும் இல்லை."

ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். "தப்பே இல்லாம ஏழு பேர் மன்னிப்புக் கேட்டீங்க. கேட்ட ரெண்டாவது நாள் இருபத்தேழு மார்க் வந்துச்சு. நீங்க வரலாற்று ஆசிரியர். இந்த ஆதாரத்தை வெச்சு உங்க மாணவன் என்ன முடிவுக்கு வரணும்?"

கேள்வி சரியானது. ஆய்வு முறைகள் பாடத்தில் எனக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் கொடுக்காததும் சரிதான்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார், கேட்ட எதற்கும் அவர் சம்மதிக்கவில்லை, நாங்கள் எதையும் கேட்கவும் இல்லை என்று மூன்று முறை சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா? என் தாளை வேறு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஜூலை 28, சனி

மாமாவிடம் வேறொரு பையனின் பெற்றோர் வந்திருந்தார்கள். அவன் தேறாதது இயற்பியல்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

வெளித் தேர்வாளர் அறுபத்தொன்று கொடுத்திருக்கிறார். சர்ப்போமா கொடுத்ததைவிட மூன்று அதிகம். விசாரணையை முடித்துவிட்டார்களாம். முடித்துவிட்டதாக யாரும் எந்தப் பலகையிலும் ஒட்டவில்லை. முப்பத்தொன்றை மட்டும் ஒட்டினார்கள்.

அக்யியா, "அப்ப தைக்கக் குடுத்த துணியை வாங்கிட்டு வந்துடவா?" என்று கேட்டாள். வாங்கி வா என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 1, சனி

காலையில் பேராசிரியர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். பள்ளிக்குப் போடும் வெள்ளைச் சட்டை. கையில் ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னைக்கு யாரும் சாகலையா?"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பேராசிரியர் வந்தார். இந்தப் பருவத்துக்குத் திருத்தத் தேர்வுத்தாள் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாராம். அக்காதான் சொன்னாள், குரலை இறக்காமல்.

"வந்த விஷயம் என்னன்னு கேளு, அக்கா."

எனக்காகப் பேச யாரும் இல்லை. எழுந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன், மேடம். இந்தத் தடவை என்ன தப்புன்னு தெரியும். திங்கக்கிழமை வான்னு சொன்னீங்க. நான் உங்களை நம்பலை. சனிக்கிழமையே ஏழு பேரைக் கூட்டிட்டு வந்து உங்க பேரைக் கெடுத்தேன்."

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் பேசினார்.

"எதுவா இருந்தாலும் மன்னிச்சாச்சுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். ஒரே தப்புக்கு ரெண்டு தடவை மன்னிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. தண்ணியைக் குடிச்சுட்டுக் கிளம்பு, ஓபிரி."

குடித்தேன். தம்ளரில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் எழுந்து உள்ளே போகும் வரை மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது.