அருந்தவன் அண்ணா காட்டிய ஆறு

அக்டோபர் 10, வியாழன்

கருத்தரங்குக்காகப் பிரிஸ்பேன் வந்திருக்கிறேன். மெல்பர்னில் குளிருக்கு ஜாக்கெட்டோடு ஏறினேன். இங்கே கண் கூசுகிற வெயில். இங்கே இருக்கிற அருந்தவன் அண்ணாவுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று விமானம் முழுக்க யோசனை. கடைசியில் மெசேஜ் அனுப்பினேன். ஒரே நிமிஷத்தில் போன்.

"வந்திட்டீரோ தாரிணி? சனி, ஞாயிறு நிண்டிட்டுப் போம். உமக்கு ஊர் காட்டுறது என்ர பொறுப்பு."

அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். வருகிறேன் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

என் உரைக்குக் கைதட்டினார்கள். வெளியே வந்து ஆற்றங்கரை பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் மெல்பர்ன் கிளேட்டனில் எங்கள் லேப் டெக்னீஷியன் அருந்தவன் அண்ணா. ஒரு வெள்ளிக்கிழமை ஃப்ரீசரைப் பூட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு நான் போய், என் சாவியால் திறந்து ஒரு ட்யூப் எடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. கதவு சரியாக மூடியதா என்றும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை எல்லா மாதிரிகளும் உருகிக் கிடந்தன. பதிவேட்டில் கடைசிப் பெயர் அவருடையது.

வாயைத் திறக்கவில்லை நான். அவருடைய வேலையை நீட்டிக்கவில்லை. குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்து, இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்.

அக்டோபர் 12, சனி

காலையிலிருந்து படகு. ஆறு பழுப்பு நிறம், வெயில் பட்டு மினுங்கியது. பாலம் வரும்போதெல்லாம் அண்ணா எழுந்து நின்று அதன் பெயர் சொன்னார். பூங்காவில் ஜகரண்டா மரங்கள் பூத்துத் தரையெல்லாம் ஊதா. "இதில நில்லும், அம்மாவுக்கு அனுப்பலாம்" என்று படம் எடுத்துத் தந்தார். படத்தில் சிரிக்கிறேன். எப்படி முடிந்தது?

மதியம் அவர் வீட்டில் இடியப்பமும் சொதியும். அவர் மனைவி இரஞ்சிதம் அக்கா பரிமாறிக்கொண்டே சொன்னார்: "இவருக்குப் பொல்லாத மறதி. காரைப் பூட்டினதோ எண்டு நாலு தரம் போய்ப் பாப்பார். எல்லாம் அந்த ஃப்ரீசரோட வந்தது."

அண்ணா சிரித்தார். "பூட்டின மாதிரித்தான் ஞாபகம். ஆனா பூட்டேல்லையே!"

சொல்லியிருக்கலாம். இன்னொரு இடியப்பம் போட்டுக்கொண்டேன். என்ன ஜென்மம்டி நீ?

அக்டோபர் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணா கங்காரு பாயிண்ட் பாறை மேட்டில் நின்று, ஆறு வளைகிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவிலேயே சொன்னேன். உளறினேன் என்பதுதான் சரி. கையை இறக்கினார்.

"அப்ப நான் பூட்டினனான்தானே?"

"ஆமா அண்ணா. நீங்க பூட்டிட்டுதான் போனீங்க."

"மூளையில ஏதும் வருத்தமோ எண்டு டொக்டரிட்டையும் காட்டினனான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "வீட்டுக்கு வாரும். இரஞ்சிதத்திட்டை நீரே சொல்லும்."

சமையலறை வாசலில் நின்று சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணாவைத்தான் பார்த்தார். "ஐயோ, எவ்வளவு ஏசிப்போட்டன் உங்களை..." கையிலிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "நீர் வெளிக்கிடும்" என்று தெருக்கதவைக் காட்டினார்.

அண்ணாதான் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் ரேடியோ ஓடியது.

அக்டோபர் 15, செவ்வாய்

எங்கள் லேப் பேராசிரியரிடம் நடந்ததை நேரில் சொன்னேன். எழுதித் தா என்றார். தந்தேன். இனி லேபுக்குள் தனியாகப் போக எனக்கு அனுமதி இல்லை. விசாரணை இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 20

ஒன்றும் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

அருந்தவன் அண்ணா போனில் கூப்பிட்டார். பேராசிரியரின் கடிதம் வந்ததாம், மன்னிப்புக் கேட்டு. சத்தமாக வாசிக்கச் சொல்லி இரஞ்சிதம் அக்கா இரண்டு தரம் கேட்டாராம். பிரிஸ்பேனிலேயே ஒரு லேபில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"ரொம்ப நல்லதுண்ணா" என்றேன்.

"ஓம். இதைச் சொல்லத்தான் எடுத்தனான், தாரிணி. இனி எடுக்கமாட்டன். நீரும் எடுக்காதேயும்."

சரி என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். ஆனாலும் சொன்னேன், சரி என்று.