பதினேழாம் பக்கத்துத் தப்பு

கோபன்ஹேகன்,
செவ்வாய்க்கிழமை

நைனாவுக்கு கீர்த்தி எழுதுறது. கால் வீக்கம் வத்திச்சா? நெட்டுக்குப்பத்துல காத்து எப்டி கீது? நான் நல்லா கீறேன். போன்ல சொன்னா குரல் காட்டிக் குடுத்துடும், அதான் லெட்டர்.

ஆறு வருசமா ஒரே கணக்கைப் போட்டுகினு இருந்தேனே, ரெண்டு காரியத்துல எதை முதல்ல செய்றோமோ அதுக்கேத்த மாதிரி விடை மாறும்னு சொன்னேனே, அது. “இங்க கணக்கு வாத்தியாருங்க கூட்டத்துல அதைப் பேசிட்டு ஓடியாந்துடுறேம்மா”ன்னு ஆஸ்பத்திரில இருந்த அம்மாகிட்ட போன்ல சொன்னேன். “பேசிட்டே வா கண்ணு”ன்னுச்சி. கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அதோட உசுரு போய்டுச்சி. நீயும், “எடுத்தாச்சும்மா, இனிமே வந்து இன்னா செய்யப்போற, பேசிட்டு வா”ன்ன.

பேசினேன் நைனா. போர்டுல எழுதிகினே வந்தவளுக்கு, கட்டுரையோட பதினேழாம் பக்கத்துல கை நின்னுடுச்சி. வரிசையை மாத்தக்கூடாத எடத்துல மாத்தி வெச்சிருந்தேன். யாரும் கவனிக்கல. நானே திரும்பி, “இது தப்பு, என் கணக்கு நிக்காது”ன்னு சொல்லிட்டு ஒக்காந்துட்டேன். அன்னைக்கே கட்டுரையை வாபஸ் வாங்கிட்டேன். கவலப்படாத, ஜூன் வரைக்கும் வேலை கீது.

இதுக்காகவா நைனா அம்மா மூஞ்சிய பாக்காம வுட்டேன்?

யாராவது இங்க வந்தா நெத்திலிக் கருவாடு குடுத்தனுப்பு. அம்மா நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணி, போனை சார்ஜ்ல போட்டு வை. சில நாளு அடிப்பேன். நீ எடுக்காத, அது பாட்டுக்கு அடிக்கட்டும்.

கிளாசுக்கு நேரமாச்சி. மாத்திரையை மறக்காத.

உன் பொண்ணு
கீர்த்தி