பழைய அளவு பைப்பே போதும்

மஸ்கட்

அன்புள்ள சாராளுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் தலைவலி எப்படி இருக்கு? போன்ல சொன்னா "பாத்துக்கலாம்"னு தட்டிடுவே, அதான் எழுதறேன்.

நீ நினைக்கிற மாதிரி அது வெயிலால இல்ல. கேபின்ல டீசல் நாத்தம் அடிக்குதுன்னியே, நம்ம பிக்கப்போட சைலன்சர் பைப்பு ஓட்டையாகி புகை உள்ளே வருது. மாத்துற வரைக்கும் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குச் சாப்பாடு ஏத்திக்கினு போகாதே, ஆட்டோவுல அனுப்பு.

கும்மிடிப்பூண்டி மெக்கானிக், "மூணு இன்ச் பைப்பு போட்டா வண்டி பறக்கும்க்கா"ன்னாராமே. வேணாம். இன்ஜின் அதேதான், சத்தம் கூடும், இழுவை கூடாது. பழைய ரெண்டு இன்ச்சே போடச் சொல்லு.

போன வாரம் இங்க நான் வேலை செய்யற ஒர்க்‌ஷாப்புல ஒருத்தர் அடம்பிடிச்சுப் பெரிய பைப்பு போட்டுக்கினார். வேகத்தடையில இடிச்சுக் கழண்டுடுச்சு. அதைத் திரும்ப மாட்டப் போய், சூடு ஆறுறதுக்குள்ள நான் கை வெச்சுட்டேன். சின்ன கொப்புளம்தான், எழுத்துதான் கொஞ்சம் கோணலா வருது.

ஊருக்குக் கிளம்பற ரகு இந்தக் கடிதத்துக்காக வாசல்ல நிக்கிறான். பைப்பு மாத்தினதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைப் போன்ல பதிஞ்சு அனுப்பு. கசிவு இருந்தா கேட்டே சொல்லிடுவேன். அப்புறம் இன்ஜினை அணைச்சுட்டு, நீயும் கொஞ்ச நேரம் பேசு.

உன்
பாக்கியநாதன்