பால் மணியும் ஓட்டைச் சிரட்டையும்

எஹலியகொட,
1934 மாசி 12

அன்பு மகள் செவனம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம், யாழ்ப்பாணத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்து ஏறியும் இறங்கியும் கிடப்பதைப் பொறுத்துக்கொள், பள்ளிக்கூட மாஸ்டர் உதவாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது, மூன்று நாளாக எழுதுகிறேன். உன் கடிதத்தையும் நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். புத்தகத்தோடு உட்கார்ந்தால் தலை பாரமாகிறது, படித்தது நிற்கவில்லை, உபாத்தியாயர் பரீட்சை எழுதாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பத்து வரி எழுதினால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும். போன கிழமை, ரப்பர் பால் எடுக்க மணி அடிக்கும் மரத்தடியில் சிலேட்டோடு இருந்தவன், ஏதாவது சத்தம் கேட்டால் தெளியும் என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கே மணியாகத் தொங்கும் தண்டவாள இரும்பில் நாலு தட்டு தட்டினேன். தலை தெளிந்தது. ஆனால் பால் எடுக்க நேரமாயிற்று என்று மலை முழுவதும் ஆட்கள் வாளியைத் தூக்கிவிட்டார்கள், ரப்பர் மரத்தில் பால் பாதிதான் வடிந்திருந்தது. ஏழுமலை கங்காணி ஓடி வந்து, ஏன்யா மூக்கையா, நீ அனா ஆவன்னா படிக்கிறதுக்கு தோட்டமே லீவு எடுக்கணுமா என்று கத்தினார். உன் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டு, தண்ணீர் ஊற்றி, கவிழ்த்த வாளிக்கு மேலே தொங்கவிட்டேன். தலை பாரமானால் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி அது சொட்டுவதை மட்டும் கேட்பேன். வேறு நினைப்பு வந்தால் மறுபடி சொட்டுக்கே வருவேன். சிரட்டை காலியானால் சத்தம் நின்றுவிடும், நானும் சிலேட்டை எடுத்துவிடுவேன். வெற்றிலை போட உட்கார்ந்தால் பொழுதே போய்விடும், இதில் அப்படி இல்லை. இப்போது ஒரு பக்கம் எழுத முடிகிறது. உனக்கும் ஒரு சிரட்டை பார்சலில் வருகிறது. வாளிமேல் துணி போட்டால் விடுதியில் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு இராது, சிரித்தால் சிரிக்கட்டும்.

நீ வந்துவிடுகிறேன் என்று எழுதிய வரியை உன் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. மாஸ்டர் வாசித்த காலத்தில் எதையும் மறைக்க முடியாது, இப்போது தாண்டிப் போய்விட்டேன், அவள் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் இருபது நாள்தானே, தேறினாலும் தேறாவிட்டாலும் எழுதிவிட்டு வா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. மாரியாத்தா உன் பக்கத்திலேயே இருப்பாள். வருகிற கிழமையும் எழுதுவேன், அதற்கு மூன்று நாள் ஆகாது. பரீட்சைக்குப் போகிறேன் என்று நீ ஒரு வரி போடு, அதை உன் அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மூக்கையா