கண் குழிந்த மீன்

அன்புள்ள அம்மாவுக்கு, வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் ஒரு சுற்று பெருத்தே விட்டேன், கவலைப்படாதே.

நேற்று வகுப்பில் ஒரு பழைய அமெரிக்கச் சிறுகதை. ஏழை விதவை ஒருத்தி வழிப்போக்கனுக்கு மீன் சமைத்துப் போடுகிறாள். அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போகிறான். கிறிஸ்தவர்களுக்கு மீன் ஆதியிலிருந்தே இயேசுவின் அடையாளமாம். அதனால் அந்த மீன்தான் கதையில் புனிதம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்தியது. சமைக்கும் முன்பே அந்த மீனுக்குக் கண் குழிந்திருந்தது என்று கதையில் இருக்கிறது.

நீ வியாபாரம் செய்கிறாய் என்றுதான் இங்கே சொல்லியிருந்தேன். என்ன வியாபாரம் என்பதை மென்று விழுங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"சார், அது கெட்டுப்போன மீன்."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எங்கம்மா மீன் விக்கிறாங்க சார். கண்ணு குழிஞ்ச மீன எங்க தெருப் பூனைகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். அவன் முகம் சுளிக்காம சாப்பிட்டான் பாருங்க, அங்கதான் சாமி இருக்கு."

பேராசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "முப்பது வருஷமா நடத்துறேன், மீனோட கண்ணப் பாக்கலையே!" என்றார். பக்கத்து இருக்கைப் பெண், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கத் துணைக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறாள்.

அம்மா, நீ சந்தையில் கூவி விற்பதை அக்காவின் கைப்பேசியில் பதிந்து அனுப்பச் சொல். இங்கே காலையில் எழுப்ப ஆளில்லை. பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் சின்ன மகள்